நீலத்துணியும் கச்சான் காற்றும்

மழலையர் வகுப்புகளில் ‘கடல் வாரம்’ கொண்டாடுவது இப்போது பரவலான வழக்கம். நீளமான நீலத்துணி ஒன்றைக் குழந்தைகள் ஓரம் பிடித்து மேலும் கீழும் அசைப்பார்கள், அலை வந்துவிடும். டீச்சர் “மீன்” என்றால் உள்ளங்கைகளைச் சேர்த்துக்கொண்டு நெளிய வேண்டும். “நண்டு” என்றால் கையையும் காலையும் பின்னால் ஊன்றி, வயிறு மேலே பார்க்க நகர வேண்டும். “நட்சத்திர மீன்” என்றால் கைகால் விரித்து அசையாமல் நிற்க வேண்டும். “சுறா வருது!” என்றதும் எல்லாரும் கத்திக்கொண்டு சுவரோரம் ஓட வேண்டும். இருபது நிமிடத்தில் விளையாட்டு முடியும். குழந்தைகள் மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். படங்கள் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும்.

இதை வால்பாறையில் நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். கடலோர ஊரில் இந்த விளையாட்டின் குறைகள் வெளியே தெரியாது; வகுப்பில் கிடைக்காத கடல் குழந்தைக்குத் தெருமுனையில் கிடைத்துவிடும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறக்குறைய 3,500 அடி உயரத்தில், தேயிலைக்கும் சோலைக்காட்டுக்கும் நடுவில் வளரும் நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த வசதி இல்லை. வகுப்பறை எந்தக் கடலைக் கொடுக்கிறதோ அதுதான் அதற்குக் கடல். இந்தப் பயிற்சியின் உண்மையான பெறுமானம் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

முதலில் அதன் வலிமையைச் சொல்லிவிடுகிறேன். அது சின்ன வலிமை இல்லை. ருடால்ஃப் லாபான் 1948-இல் எழுதிய கல்விசார் நடன நூலில் உடலசைவை எடை, காலம், வெளி, ஓட்டம் என்று பிரித்துப் பார்த்தார். அன்றாட வாழ்வு இவற்றில் சிலவற்றைத்தான் ஒரு குழந்தைக்குப் பழக்கும். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் வளரும் குழந்தையின் உடல் சரிவுக்குப் பழகியது. வழுக்கும் மண்ணில் காலை அழுத்தி ஊன்றவும், குளிருக்குத் தோளை ஒடுக்கவும், ஏற்றத்தில் முன்னே சாயவும் அதற்குத் தெரியும். மெதுவாக மிதப்பது, எடையைத் தண்ணீரிடம் ஒப்படைப்பது, பக்கத்தில் இருப்பவரின் அசைவு தன் உடலுக்குள் வந்து போக விடுவது ஆகியவை அதற்குப் புதியவை. கடல் என்ற கற்பனை அந்தப் புதிய அசைவுகளை இயல்பாக வரவழைக்கிறது. “கையை மெதுவாக உயர்த்து” என்று ஆயிரம் முறை சொன்னாலும் வராத மென்மை, “தண்ணிக்குள்ள கையத் தூக்கு” என்றதும் வந்துவிடும். மூச்சும் அதோடு நீளும். துணியின் ஓரத்தைப் பிடித்து நிற்கும் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் உயர்த்தினால்தான் அலை எழும்பும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை, கை கண்டுபிடித்துவிடும்.

இதே துணிதான் பயிற்சியைச் சோம்பலாக்கவும் செய்கிறது. துணி வந்துவிட்டால் கடல் வந்துவிட்டது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறோம். அதன்பின் நடப்பது பெரும்பாலும் ஒரு பட்டியல். மீன், நண்டு, ஆமை, நட்சத்திர மீன், சொறிமுட்டை என்று டீச்சர் சொல்ல, குழந்தைகள் உருவம் மாற்றுகிறார்கள். உடற்பயிற்சி என்ற அளவில் நல்லதுதான். நாடகம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நண்டு எங்கே போகிறது? வளைக்குத் திரும்புகிறதா, பறவையைப் பார்த்து ஒளிகிறதா, இன்னொரு நண்டோடு சண்டையா? எதுவும் கேட்கப்படுவதில்லை. குழந்தை ஒரு முடிவும் எடுக்கவில்லை, காட்டிய உருவத்தை உடலால் திருப்பிச் சொன்னது, அவ்வளவுதான். எழுத்தைப் பார்த்து எழுதும் வேலையை உடலுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.

அந்த உருவங்களும் பல நேரம் தவறு. வயிறு மேலே பார்க்க நகரும் ‘நண்டு நடை’ உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்தது. நண்டு பக்கவாட்டில் ஓடும். நட்சத்திர மீன் கைகால் விரித்துச் சும்மா நிற்பதில்லை; அடிப்புறத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு குழாய்க்கால்களால் மிக மெல்ல ஊர்ந்துபோகும். இந்தத் திருத்தங்களை அறிவியல் வகுப்பின் கறார் என்று தள்ளிவிட வேண்டாம். சரியான தகவலில்தான் நல்ல அசைவு ஒளிந்திருக்கிறது. ஐந்து குழந்தைகள் தலையை நடுவில் சேர்த்துக் குப்புறப் படுத்து, விரல்களால் மட்டும் தரையைத் தள்ளி, ஐவரும் ஒரே திசையில் ஓர் அடி நகர வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் பக்கம் போவது, யார் முதலில் தள்ளுவது என்று பேச்சு தொடங்கிவிடும். நாடகம் அங்கே தொடங்குகிறது. ஆடி மாதத்து வால்பாறையில் சிமென்ட் தரை பனிக்கட்டியாக இருக்கும், படுக்க வைக்க முடியாது என்று அங்கன்வாடி டீச்சர் சொன்னால், அவர் சொல்வது சரி. வெயிலும் விரிப்பும் உள்ள அறைகளுக்காக எழுதப்பட்ட செயல்பாட்டுக் கையேடுகள் மழைக்காலத்து மலையை எண்ணிப் பார்ப்பதில்லை. பாயோ கம்பளியோ இல்லாத இடத்தில் நின்று செய்யும் அசைவுகளை வைத்துக்கொள்வதே நியாயம்.

முடிவெடுக்கும் பொறுப்பைக் குழந்தையிடம் கொடுப்பது எப்படி என்பதற்குத் தமிழில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. புதுச்சேரியின் வேலு சரவணன் தன் ‘ஆழி’ குழுவோடு தமிழகமெங்கும் பள்ளி பள்ளியாக எடுத்துச் சென்ற நாடகம் ‘கடல் பூதம்’. குழந்தைகளோடு பேசிக்கொண்டே, அவர்களின் கூச்சலையும் யோசனையையும் உள்ளே வாங்கிக்கொண்டே நகர்வது அவருடைய நாடக முறை. மரத்தடியோ பள்ளி முற்றமோ போதும். நீலத்துணியைவிட அங்கே கடல் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், பூதத்தின் முன்னால் நிற்கும் மனிதனுக்கு ஒரு சிக்கல் இருப்பதுதான். அந்தச் சிக்கலுக்குள் குழந்தைகள் இழுக்கப்படுகிறார்கள். ஆனாலும் அது தேர்ந்த நடிகர்கள் குழந்தைகளுக்காக நடத்தும் நாடகம். குழந்தை குரலால் பங்கேற்கும். உடலால் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அப்படியொரு குழு மலை ஏறி வந்தால் பெரிய வரம். அன்றாட வகுப்புக்கு வேறு வழி வேண்டும்.

இங்கிலாந்தின் டாரத்தி ஹீத்கோட் காட்டிய வழி இதற்குப் பொருந்துகிறது: ஆசிரியரே ஒரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்குவது. டீச்சர் முக்காடு போட்டுக்கொண்டு மீனவப் பெண்ணாக வருகிறார். “ஏங்கண்ணு, எங்க வலையில ஒரு ஆமை மாட்டிக்கிச்சு. வலைய அறுத்தா ஆமை பொழைக்கும். வலை போச்சுன்னா நாளைக்கு மீனுக்குப் போக முடியாது. என்ன பண்ணட்டும்?” என்று கேட்கிறார். ஐந்து வயதுக் குழந்தைகளிடம் கேட்கக்கூடிய நேர்மையான கேள்வி இது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரை தேடி வரும் பருவத்தில் வலையில் சிக்கிச் சாவது தமிழகக் கடற்கரையின் இன்றைய துயரம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. அந்தக் கணக்கையெல்லாம் குழந்தையிடம் சொல்ல வேண்டியதில்லை. வலையைச் சுற்றி உட்கார்ந்து, முடிச்சு முடிச்சாகப் பிரித்து, ஆமையாகக் கிடக்கும் தோழனின் கையை வலிக்காமல் வெளியே எடுக்கும் அந்தக் கவனம் போதும்.

‘கடல் வார’த்தில் எனக்குப் பெரிதாக உறுத்தும் குறையும் இதையொட்டியதே: அந்தக் கடலில் மனிதர்களே இல்லை. மீன் இருக்கிறது, பவளப்பாறை இருக்கிறது, கடற்கன்னிகூட இருக்கிறாள். கட்டுமரத்தை அலைக்குள் தள்ளுகிறவரும் கரைவலை இழுக்கிறவரும் கருவாடு காயவைக்கிறவரும் இல்லை. கண்ணாடித் தொட்டியில் பார்த்த கடல் அது. உடலசைவு என்ற கணக்கில் பார்த்தாலும் இது பெரிய இழப்பு. கரைவலை இழுப்பது மனிதர் கண்டுபிடித்த அருமையான கூட்டசைவுகளில் ஒன்று. இரண்டு வரிசை, இரண்டு கயிறு, ஒரே தாளம், பின்னால் சாயும் எடை, ஒருவர் குரல் கொடுக்க மற்றவர் வாங்கும் அம்பாப் பாட்டு. லாபான் சொன்ன நான்கும் அதற்குள் இருக்கின்றன. ஒரு கயிறும் இருபது குழந்தைகளும் இருந்தால் எந்த அங்கன்வாடியிலும் செய்யலாம். வால்பாறைக் குழந்தைகளின் அம்மாக்கள் கொழுந்துப் பையோடு வரிசையில் ஏறி இறங்குவதையும், எடை போட நிற்பதையும் அந்தக் குழந்தைகளின் கண்கள் தினமும் பார்க்கின்றன. உழைப்பின் அசைவு அவர்களுக்கு அந்நியமில்லை. அங்கே மலை, இங்கே கடல் என்று இரண்டு உழைப்பும் ஒரே வகுப்பறையில் சந்திக்கலாம்.

வால்பாறைக் குடும்பங்கள் கடலே அறியாதவை என்றும் சொல்லிவிட முடியாது. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கமிருந்தும் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். பல வீடுகளில் பாட்டியின் நினைவில் திருச்செந்தூர்க் கடலோ ராமேசுவரக் கடலோ இருக்கும். அந்தப் பாட்டியை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து அலை எப்படிக் காலை இழுத்தது என்று செய்து காட்டச் சொன்னால், எந்தக் காணொளியும் தராத ஒன்று கிடைக்கும்.

கொங்குக்கு உரிய ஆடல் மரபிலும் ஒரு கடல் பயணம் இருக்கிறது. பவளக்கொடி கதையில் பவளத்தேர் கேட்டு அடம் பிடிக்கும் பிள்ளைக்காக அர்ச்சுனன் பவளம் தேடிப் போகிறான். கடற்கரையே இல்லாத கொங்கு நாட்டில் இந்தக் கதை கும்மியாக ஆடப்படுகிறது. மேட்டுப்பாளையம் பகுதியின் பத்திரப்பன் வள்ளி ஒயில் கும்மியையும் பவளக்கொடி கும்மியையும் பல பத்தாண்டுகள் கற்பித்து, 2024-இல் பத்மஸ்ரீ பெற்றவர். பிள்ளை கேட்ட ஒரு பொருளைத் தேடிக் கடல் தாண்டுவது என்ற கதைச்சட்டம் நான்கு வயதுக்கு அப்படியே பொருந்தும். கதையின் திருமணச் சூழ்ச்சிகளை விட்டுவிடலாம். கும்மியின் வட்டமும், அடி மாற்றிக் குனிந்து நிமிரும் அசைவும், கை தட்டும் தாளமும் போதும். வட்டமே கடலாகும், நடுவே நிற்பது பவளக்காடு. எங்கோ வரைந்த கடற்கன்னி உடையை வாடகைக்கு எடுக்கும் பள்ளிகள், பக்கத்து ஊர்க் கும்மி ஆசிரியரை அழைக்காமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘குளமா கரையா’ என்ற பழைய விளையாட்டையும் இதோடு சேர்க்கலாம். குளம் என்றால் வட்டத்துக்குள், கரை என்றால் வெளியே குதிக்க வேண்டும். ஏமாற்றிச் சொல்லும்போது உடல் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். துடிப்பை அடக்கும் அந்த நொடி, சிறுவர் நாடகப் பயிற்சிகள் வேறு பெயர்களில் தேடிக்கொண்டிருக்கும் ஒன்று.

காடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது கடல் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். இருவாட்சியின் சிறகோசையும் சோலைமந்தியின் தாவலும் ஆனைமலைக் குழந்தைக்குச் சொந்தமானவை, அவற்றை ஆடட்டுமே. ஆடத்தான் வேண்டும். ஆனால் காடு இந்தக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாக மட்டும் இல்லை. 2024-லும் 2025-லும் வால்பாறை எஸ்டேட் குடியிருப்புகளில் சிறுத்தை தாக்கிக் குழந்தைகள் இறந்தார்கள். இருட்டத் தொடங்கினால் பெரியவர்கள் பிள்ளைகளை உள்ளே அழைக்கும் குரலில் இருப்பது மெய்யான அச்சம். அங்கே “புலி வருது” என்று துரத்தி விளையாடினால் எந்தக் குழந்தையின் மனதில் எதைக் கிளறுகிறோம் என்று நமக்குத் தெரியாது. கடல் ஒரு தூரத்தைத் தருகிறது. பெரியது, ஆழமானது, விழுங்கக்கூடியது ஆகிய எல்லாவற்றையும், வீட்டுக் கொல்லைப்புறத்தைத் தொடாமல் விளையாடிப் பார்க்க முடிகிறது. மலைக் குழந்தைக்குக் கடல் பொருத்தமானது என்று நான் நம்புவதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

அதே காரணத்தால் ‘சுறா வருது’ ஆட்டத்தை நான் ஏற்கவில்லை. பாய்ந்து கவ்வும் விலங்கு, சிதறி ஓடும் பிள்ளைகள், பிடிபட்டவர் ‘அவுட்’ என்ற வடிவம் அந்தத் தூரத்தை ஒரே நொடியில் அழித்துவிடும். சுறாவின் பெயரில் சிறுத்தைதான் வகுப்பறைக்குள் வரும். அச்சமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் அச்சத்தை விளையாடித்தான் கடக்கிறார்கள். அதை அவர்கள் கையாளும்படி அமைக்க வேண்டும். சுறாவைக் கண்டதும் மீன்கள் ஓடாமல் ஒன்றாகச் சேர்ந்து பெரிய உருவமாகத் திரண்டு நிற்கலாம். சிறு மீன்கள் கூட்டமாகத் திரள்வது கடலில் நடப்பதுதான். துரத்தல் அப்போது கூட்டுச் செயலாக மாறும். தனியே மாட்டிக்கொள்ளும் பிள்ளை அதில் இருக்காது.

இடம் மாறினால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் அந்தக் கரையில் வளர்ந்த ஒரு பிள்ளைக்குத் தலைக்கு மேல் எழும் நீலத்துணி எப்படித் தெரிந்திருக்கும்? அங்கே தூரம் தந்திருக்கக்கூடியது மலையோ வானமோ. இலங்கையில், போர் நடந்துகொண்டிருந்த 1996-இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா கதை, ஓவியம், நாடகம் வழியே சிறுவர்களின் காயத்தை நெருங்கியது. போரை நேராக நடிக்கச் சொல்லிக் குழந்தையை வதைக்காமல், கற்பனை உலகம் ஒன்றின் வழியே சுற்றிப் போகும் பாதையின் மதிப்பு அங்கே புரியும். ஆகவே ‘கடல்’ என்ற கருப்பொருளை எல்லா ஊருக்கும் ஒரே மாதத்தில் ஒரே கையேட்டில் அனுப்புவது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், பிழையான நிர்வாகம். எந்தக் கற்பனை எந்தக் குழந்தைக்குப் பக்கம், எது தூரம் என்பதை அந்த ஊர் டீச்சரே முடிவு செய்ய வேண்டும்.

இனி, இதன் பயன்கள் என்று சொல்லப்படுவதைப் பார்ப்போம். தனியார் மழலையர் பள்ளிகளின் விளம்பரங்கள் படைப்பாற்றல் வளரும், அறிவு கூடும், தன்னம்பிக்கை பெருகும் என்று அடுக்குகின்றன. பாவனை விளையாட்டு பற்றிய ஆய்வுகளை ஏஞ்சலின் லில்லார்டும் அவருடைய குழுவினரும் 2013-இல் ஒருங்கே திரட்டிச் சீர்தூக்கினார்கள். கதை சொல்லும் திறன், மொழி, உணர்வைக் கட்டுப்படுத்தல் போன்றவற்றில் பாவனை விளையாட்டுக்குப் பங்கு இருக்கக்கூடும், ஆனால் அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. படைப்பாற்றலுக்கும் அறிவுத்திறனுக்கும் அதுவே காரணம் என்று காட்டச் சான்று போதாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். இந்த முடிவு என்னைச் சோர்வடையச் செய்யவில்லை. மூளை வளரும் என்று வாக்குக் கொடுத்துத்தான் குழந்தைக்கு விளையாட்டை வாங்கித் தர வேண்டும் என்ற நிலை நல்லதல்ல. நான்கு வயதில் உடல் மகிழ்ச்சியாக அசைவதும், அடுத்தவரோடு சேர்ந்து ஒரு கற்பனையைத் தாங்கிப் பிடிப்பதும் தம்மளவிலேயே நல்லவை.

வால்பாறையில் இன்னொரு பயன் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் உள்ளூர்த் தொழிலாளர் குடும்பங்கள் சமவெளிக்கு இறங்க, ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் தேயிலை பறிக்கின்றன. அவர்களின் குழந்தைகளுக்கு டீச்சரின் தமிழ் தெரியாது. பாட்டும் கதையும் அவர்களை வெளியே நிறுத்திவிடும். கயிறு இழுக்கும் விளையாட்டு நிறுத்தாது. எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்பதைப் பக்கத்துத் தோள் சொல்லிக் கொடுக்கும். ‘இழு’, ‘விடு’, ‘மெதுவா’, ‘வா’ என்ற சொற்கள் செயலோடு ஒட்டிக்கொண்டு வரும். கடல் பார்க்காதவர்கள் என்ற வகையில் அங்கே எல்லாக் குழந்தைகளும் சமம் என்பதும் முக்கியம். உள்ளூர்ப் பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு கருப்பொருளில் வெளியூர்ப் பிள்ளை எப்போதும் பின்தங்கும். இங்கே அப்படி இல்லை.

கடலை மலைக்குக் கொண்டுவரத் தொடக்கம் எங்கே என்று கேட்டால், கூரையில் என்பேன். தென்மேற்குப் பருவத்தில் வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிகுந்த மழை பெறும் இடங்களில் ஒன்றாகிறது. அந்த மழை அரபிக்கடலிலிருந்து ஏறி வருகிறது. மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றைக் கடலோடிகள் கச்சான் என்பார்கள். பெய்ததில் ஒரு பங்கைப் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் கிழக்கே திருப்பிச் சமவெளி வயல்களுக்கு அனுப்ப, மிச்சம் சோலையாறு வழியே சாலக்குடி ஆற்றில் சேர்ந்து மறுபடி அரபிக்கடலுக்கே இறங்குகிறது. ஆக, வால்பாறைக் குழந்தை கடலைப் பார்த்ததில்லையே தவிர, ஆண்டில் நான்கு மாதம் அதில் நனைந்துகொண்டுதான் இருக்கிறது. தகரத்தில் விழும் மழையை விரல்களால் தரையில் தட்டுவது, வாய்க்காலாக இருவர் இருவராகச் சேர்வது, ஆறாக நீள்வது, அணையில் தடுக்கப்பட்டுத் திணறி நிற்பது, திறந்ததும் பாய்வது, கடைசியில் அறை முழுக்க விரிந்து மெல்ல ஏறி இறங்குவது என்று ஓர் அமர்வை அமைத்தால் நீலத்துணி தேவையே இல்லை. தேவைப்பட்டால் கடைசியில் வரட்டும்.

இதையெல்லாம் யார் செய்வது என்பது கடினமான கேள்வி. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டமும் இருக்கிறது. அதன் பெயரே ஆட்டத்தை முன்னால் வைக்கிறது. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, செயலியில் பதிவேற்றுவது, வீடு வீடாகப் போவது எல்லாம் அதே பணியாளரின் தலையில். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண் தொழிலாளர்களுக்கு மேல் இருந்தால் எஸ்டேட்டில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. அங்கே இருக்கும் ஆயா பெரும்பாலும் தொட்டிலுக்கும் சோற்றுக்கும் பொறுப்பானவர். கற்பனை விளையாட்டுக்கு அவருக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. அச்சடித்த கையேடு இந்த இடைவெளியை நிரப்பாது. ஒரு நாடகக்காரர் சில நாட்கள் வந்து டீச்சர்களையும் ஆயாக்களையும் தாங்களே கயிறு இழுக்கவும் ஆமையாகக் கிடக்கவும் வைத்தால் நிரம்பும். தன் உடல் கூச்சம் விட்டுப்போகாத பெரியவரால் குழந்தையை அசைய வைக்க முடியாது.

ஆண்டு விழா மேடையை இதிலிருந்து விலக்கியே ஆக வேண்டும். சிறுவர் நாடகத்துக்கு அடித்தளமிட்ட பீட்டர் ஸ்லேட் 1954-லேயே சின்னக் குழந்தைகளை மேடையேற்றிக் காட்சிப் பொருளாக்குவதை எதிர்த்து எழுதினார். மீன் உடைக்குள் வியர்த்து, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அழும் மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்த எவருக்கும் அவர் சொன்னது புரியும். பெற்றோருக்குக் காட்டத்தான் வேண்டுமென்றால், மாலையில் வேலை முடிந்து பிள்ளையை அழைத்துப் போக வரும் அம்மாக்களையே பத்து நிமிடம் உள்ளே நிறுத்தலாம். ஒலிபெருக்கியோ வாடகை உடையோ அதற்கு வேண்டாம். வலையின் ஒரு கயிற்றை அவர்களிடம் கொடுத்தால், எப்போது இழுக்க வேண்டும் என்று பிள்ளைகளே சொல்லிக் கொடுப்பார்கள்.